வெள்ளை மாளிகைக்கு வெளியே – 14: மின்னசோட்டாவின் இளம் ஆளுநர்

சென்ற பகுதியில் யூஜின் டெப்ஸைப் பார்த்தோம். 1920-ல் அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை வாங்கியவர். ஐந்து முறை நின்ற டெப்ஸ், வெள்ளை மாளிகையில் குடியேறுவோம் என்று கணக்குப் போட்டவரல்ல. சோஷலிசத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகத் தேர்தல் அவருக்கு ஒரு வழி. இந்தப் பகுதியில் வருகிற ஹெரால்டு ஸ்டாசனின் கதை தலைகீழானது. அவர் வெற்றியில் தொடங்கினார். 23 வயதில் முதல் தேர்தலை வென்றார். 31 வயதில் ஒரு மாநிலத்தின் ஆளுநர் ஆனார். 41 வயதில், 1948-ன் வசந்த காலத்தில், அடுத்த அதிபர் இவர்தானோ என்று நாடே பேசியது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தார். திரும்பத் திரும்ப வேட்பாளராக நின்றார். தேர்தல் வழியாக ஒரு பதவியும் அவரிடம் வந்து சேரவில்லை.

மேயர், மாநில ஆளுநர், காங்கிரஸின் கீழவை, மேலவை, அதிபர் என அமெரிக்க வாக்குச்சீட்டில் இருக்கும் எல்லாப் படிகளிலும் ஏறிப் பார்த்த மனிதர் அவர். அதிபர் வேட்பாளராக எத்தனை முறை முயன்றார் என்பது எண்ணுகிறவரைப் பொறுத்து மாறும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்பது. 1944, 1948, 1952, 1964, 1968, 1980, 1984, 1988, 1992. இந்த வரிசையில் முதல் மூன்றும் பின்னால் வருகிற ஆறும் ஒரே மனிதரின் முயற்சிகள்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறுபட்டவை.

ஸ்டாசன் 1907 ஏப்ரல் 13 அன்று மின்னசோட்டாவில், வெஸ்ட் செயின்ட் பால் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் காய்கறி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பும் விவசாயி. பையன் படிப்பில் கெட்டிக்காரன். சக மாணவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே பள்ளியை முடித்தான். ரயிலில் தூங்கும் வசதியுள்ள பெட்டிகளில் கண்டக்டராக வேலை பார்த்துக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து, 1929-ல் சட்டப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே டகோட்டா கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞர் பதவிக்கு நின்று வென்றார். அங்கே அந்தப் பதவிக்கும் மக்கள்தான் வாக்களிக்க வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. பால் விலையும் தானிய விலையும் விழுந்து, விவசாயிகள் சாலைகளை மறித்துப் போராடிய காலம். அந்த மோதல்களுக்கு நடுவே நின்று பேசிப் பழகியவர் என்பதை அவருடைய பிற்கால அரசியலில் தெளிவாகப் பார்க்கலாம்.

1938-ல் ஆளுநர் தேர்தல். அமெரிக்காவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மாநிலங்களில் முதலமைச்சருக்கு உள்ள பொறுப்பு அங்கே அவருடையது. மின்னசோட்டாவில் அப்போது ஆட்சியில் இருந்தது விவசாயி-தொழிலாளர் கட்சி. அரசு வேலைகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள் என்ற புகார் அந்த ஆட்சியின் மீது மலிந்திருந்தது. ஸ்டாசன் அதையே கையில் எடுத்து, ஆளுநர் எல்மர் பென்சனை ஏறத்தாழ மூன்று லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தினார். மின்னசோட்டாவின் வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் ஆளுநரானவர் வேறொருவர் இல்லை.

பதவிக்கு வந்ததும் சொன்னதைச் செய்தார். 1939-ல் அரசு வேலைகளுக்குத் தகுதி அடிப்படையில் ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. வேலைநிறுத்தமோ கதவடைப்போ செய்வதானால் பத்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் அரசின் சமரச அதிகாரி இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். பொதுமக்களைப் பாதிக்கும் தொழிலாக இருந்தால் மேலும் முப்பது நாள் பொறுக்க வேண்டும். கோபம் வந்தால் பத்து எண்ணு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைச் சட்டமாக்கிவிட்டார் என்று அந்த மாநிலத்தார் இதைப் ‘பத்து எண்ணும் சட்டம்’ என்றே அழைத்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் ஸ்டாசன் வேலைநிறுத்த உரிமையைப் பறித்தவரல்ல. அந்நாளைய குடியரசுக் கட்சியில் தொழிற்சங்கத்தை விரோதியாகப் பார்க்காத தலைவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் அவர்.

1940 ஜூனில் பிலடெல்பியாவில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு. மாநாட்டின் தொடக்க உரையை நிகழ்த்தும் பெருமை ஸ்டாசனுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 33 வயது. அதிபராக 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆகவே அன்று அவரே போட்டியிட நினைத்திருந்தாலும் முடியாது. அவர் வெண்டல் வில்கியின் பக்கம் நின்று, மாநாட்டு அரங்கில் ஆதரவு திரட்டும் வேலையை ஏற்றார். வில்கி வேட்பாளரானார், நவம்பரில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார். ஆனால் மின்னசோட்டா ஆளுநரை நாடு பார்த்துவிட்டது.

1940-லும் 1942-லும் மீண்டும் ஆளுநராக வென்றார். 1942 பிரசாரத்தின்போதே, சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் கடற்படையில் சேர்ந்துவிடுவேன் என்று வாக்காளர்களிடம் சொல்லிவிட்டார். சொன்னபடி 1943 ஏப்ரலில் பதவியை விட்டு விலகிப் போருக்குப் போனார். பசிபிக் கடலில் அட்மிரல் ஹால்சியின் பணிக்குழுவில் சேர்ந்தார். 1944-ல் சில மாநிலங்களில் அதிபர் வேட்பாளர் போட்டியில் அவர் பெயர் இருந்தபோது, ஆள் கடலில் இருந்தார். ஒன்பதில் முதலாவது முயற்சி அது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. 1945-ல் ஐக்கிய நாடுகள் சபைக்கான சாசனம் எழுத சான் பிரான்சிஸ்கோவில் உலக நாடுகள் கூடின. அமெரிக்கக் குழுவில் இரண்டு கட்சியாரும் இருக்க வேண்டும் என்று நினைத்த ரூஸ்வெல்ட், கடற்படையில் கமாண்டராக இருந்த ஸ்டாசனை நியமித்தார். உலக நாடுகளுக்கு ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று ஆளுநராக இருந்தபோதே பேசிவந்தவர் அவர். மாநாட்டில் அவர் பொறுப்பேற்றது சிக்கலான பகுதி: காலனிகளின், பொறுப்பாட்சிப் பகுதிகளின் எதிர்காலம். அந்தப் பிரதேசங்களின் இறுதி இலக்கு ‘சுதந்திரம்’ என்று எழுதியாக வேண்டும் என்று சீனாவும் சோவியத் யூனியனும் வலியுறுத்தின. பிரிட்டன் அந்தச் சொல்லே கூடாது என்றது. ஸ்டாசன் முதலில் பிரிட்டன் பக்கமே சாய்ந்தார். இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அமெரிக்கக் கடற்படைக்குப் பசிபிக் தீவுகள் மீது கண் இருந்தது, பிரிட்டனைப் பகைத்துக்கொள்ளவும் அமெரிக்காவுக்கு மனமில்லை. வாரக்கணக்கில் பேசிய பிறகு, பொறுப்பாட்சிப் பகுதிகளுக்கான பிரிவில் ‘தன்னாட்சி அல்லது சுதந்திரம்’ என்று இரண்டு சொற்களும் இடம்பெற்றன. அந்தச் சமரசத்தை முடித்துவைத்ததில் ஸ்டாசனுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கக் குழுவுக்கு ஆலோசகராக இருந்து அந்தப் பகுதியில் உழைத்தவர் ரால்ப் பஞ்ச். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

1945 ஜூன் 26 அன்று சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஸ்டாசன் ஒருவர். அதே ஏட்டில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் இருவர். இருவரும் தமிழர் அறிந்த பெயர்கள். நீதிக்கட்சித் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார் ஒருவர்; பரோடா சமஸ்தானத்தின் திவானாக இருந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி மற்றவர். பொருளாதார, சமூக ஒத்துழைப்பு பற்றிய குழுவுக்கு அந்த மாநாட்டில் தலைமை தாங்கிய ராமசாமி முதலியார், 1946-ல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகவும் ஆனார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாசன் மீண்டும் கப்பலுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் இறுதியில், ஜப்பான் சரணடைந்ததும், டோக்கியோ விரிகுடாவில் இருந்த ஓமோரி முகாமுக்குப் படகுகளில் போய்ப் போர்க்கைதிகளை மீட்ட அணியில் அவர் இருந்தார். சரணாகதி ஒப்பந்தம் அப்போது இன்னும் கையெழுத்தாகவில்லை.

1946 டிசம்பரில், தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய பதவிகளை நாடுகிறவர்கள் செய்கிற காரியமில்லை. கட்சி தன்னை அழைக்கக் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்வதே வழக்கம். ஸ்டாசன் வெளிப்படையாகக் கேட்டார். 1947-ல் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். ஏப்ரல் 9 அன்று மாஸ்கோவில் ஸ்டாலினைச் சந்தித்து, முதலாளித்துவமும் கம்யூனிசமும் போரில்லாமல் ஒரே உலகில் இருக்க முடியுமா என்று நேரடியாகக் கேட்டார். முடியும், ஒத்துழைக்கும் விருப்பம் இருந்தால் என்ற வகையில் ஸ்டாலின் பதில் சொன்னார். அந்த உரையாடல் பதிவாகி வெளியானது.

கட்சியின் வேட்பாளரை மாநாட்டில் கூடும் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர், பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல்கள் வழியாக வருவார்கள். அன்று பிரைமரி நடந்த மாநிலங்கள் குறைவு. பெரும்பாலான பிரதிநிதிகள் கட்சிப் பெரும்புள்ளிகளின் கையில் இருந்தார்கள். பெரும்புள்ளிகள் தம் பக்கம் இல்லாத ஸ்டாசன் மக்களிடம் போனார். 1948 ஏப்ரல் 6-ல் விஸ்கான்சின். எதிரே நின்றது ஜெனரல் மெக்ஆர்தரின் பெயர். விஸ்கான்சின் அந்த ஜெனரலின் குடும்பத்தோடு தொடர்புள்ள மாநிலம். அவரோ ஜப்பானில் இருந்தார். பிரதிநிதிகளில் பெரும்பகுதியை ஸ்டாசன் அள்ளினார். ஒரு வாரம் கழித்து, தன் 41-வது பிறந்தநாளன்று, நெப்ராஸ்காவில் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி, செனட்டர் ராபர்ட் டாஃப்ட் உட்பட எல்லோரையும் முந்தினார். கருத்துக்கணிப்பிலும் முதலிடத்துக்கு வந்தார்.

அங்கிருந்துதான் கணக்கு தவறியது. ஒரு தலைவரின் சொந்த மாநிலத்தில் மற்றவர்கள் போட்டியிடாமல் விட்டுவிடுவது அந்நாளைய மரியாதை. ஒஹையோ, டாஃப்டின் மாநிலம். கட்சிக்குள் பழமைவாதிகளின் கண்கண்ட தலைவர் அவர். ஸ்டாசன் அங்கே போய் இறங்கினார். தான் போட்டியிட்ட 23 இடங்களில் 9 இடங்கள்தான் கிடைத்தன. டாஃப்டின் ஆட்கள் அதை மறக்கவில்லை. ஒஹையோவில் செலவான நாட்களில் ஓரிகன் கைநழுவிக்கொண்டிருந்தது. டூயி, ஓரிகனில் மூன்று வாரம் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்க் கைகுலுக்கினார்.

மே 17 இரவு, போர்ட்லாண்டின் கே.இ.எக்ஸ் வானொலி நிலையத்தில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கில் நடக்கட்டும் என்று ஸ்டாசன் தரப்பு கேட்டிருந்தது. கூட்டமில்லாத ஒலிப்பதிவு அறையில்தான் என்று டூயி பிடிவாதமாக இருந்தார். டூயி முன்னாள் அரசு வழக்கறிஞர், கொள்ளைக் கும்பல்களைக் கூண்டில் ஏற்றியவர். கைதட்டல் இல்லாத அறையில் வாதம் மட்டும் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். தலைப்பு ஒன்றே ஒன்று: அமெரிக்காவில் கம்யூனிஸ்டு கட்சியைத் தடைசெய்ய வேண்டுமா? ஆளுக்கு இருபது நிமிடம், பிறகு மறுப்புரைக்கு எட்டரை நிமிடம். வேண்டும் என்று ஸ்டாசன் தொடங்கினார். நாட்டைக் கவிழ்க்க நினைக்கும் அமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு என்பது அவர் வாதம். காங்கிரஸில் அப்போது இருந்த மண்ட்-நிக்சன் மசோதா கட்சியைத் தடைசெய்யும், அதை டூயி ஏன் ஆதரிக்கவில்லை என்று கேட்டார். டூயி காகிதத்தைப் புரட்டி, அந்த மசோதா கட்சியைத் தடைசெய்யவில்லை என்று மசோதாவைக் கொண்டுவந்த மண்ட்டே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினார். பிறகு, நாச வேலைகளுக்கு எதிராக ஏற்கெனவே இருக்கும் 27 சட்டங்களை வரிசையாகச் சொன்னார். ஒரு கருத்தைச் சட்டத்தால் சுட்டு வீழ்த்த முடியாது என்றார். தடைசெய்த நாடுகளில் கட்சி தரைக்கடியில் போய் மேலும் பலமானது என்று கனடாவை உதாரணம் காட்டினார். ஸ்டாசனின் வாதத்துக்கு இருந்த ஒரே தூண் அந்த மசோதா. அது சாய்ந்தபின் அவரால் நிமிர முடியவில்லை. அன்றிரவு வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு கோடிக்குக் குறையாது என்கிறார்கள்.

நான் இந்த விவாதத்தில் டூயியின் பக்கம். ஸ்டாசனை எவ்வளவு மதித்தாலும் இதை மறைக்க முடியாது. ஸ்டாலினோடு உட்கார்ந்து இரு அமைப்புகளும் சேர்ந்து வாழலாமா என்று கேட்ட மனிதர், ஏறத்தாழ ஓராண்டில் சொந்த நாட்டில் ஒரு கட்சியைத் தடைசெய்யச் சொன்னார். வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தபோது, ஊரில் வீசிய காற்றுக்கு அவர் பாய்மரத்தைத் திருப்பினார். ஓரிகன் வாக்காளர்கள் மே 21-ல் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டூயியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜூனில் பிலடெல்பியா மாநாடு. முதல் சுற்றில் டூயி 434, டாஃப்ட் 224, ஸ்டாசன் 157. வெற்றிக்கு 548 வேண்டும். டாஃப்டும் ஸ்டாசனும் கைகோத்திருந்தால் டூயியைத் தடுத்திருக்கலாம். ஒஹையோவின் கசப்பு குறுக்கே நின்றது. யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதிலேயே நேரம் கடந்தது. மூன்றாம் சுற்றில் டூயி வேட்பாளர். நவம்பரில் அவரை ட்ரூமன் தோற்கடித்தார்.

ஸ்டாசனின் வீழ்ச்சிக்கு அவருடைய பிடிவாதத்தைக் காரணம் சொல்வதே வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1948-ல் அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம்: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியை ஏற்று பிலடெல்பியாவுக்குக் குடிபோனார். அமெரிக்க அரசியலில் ஒருவருக்குப் பலம் அவருடைய சொந்த மாநிலம். மின்னசோட்டாவில் அவர் கை பிடித்து அரசியலுக்கு வந்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர் சொன்னால் வாசல் வாசலாகப் போவார்கள். அவர்களை விட்டுவிட்டு, தனக்கென்று யாரும் இல்லாத ஊருக்குப் போனார். நான்கு ஆண்டுகளில் அதன் விலை தெரிந்தது.

1952 மார்ச் 18, மின்னசோட்டா பிரைமரி. ஸ்டாசன் பெயர் சீட்டில் இருந்தது. ஐசனோவரின் பெயர் இல்லை. வாக்காளர்கள் பேனாவை எடுத்து ஐசனோவரின் பெயரைத் தாங்களே எழுதினார்கள். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதுவது சுலபமில்லை. ஐக் என்றும் வேறு எப்படியெல்லாமோ எழுதினார்கள். ஸ்டாசனுக்கு 1,29,706 வாக்குகள். சீட்டில் பெயரே இல்லாதவருக்கு 1,08,692. வென்றவர் ஸ்டாசன். பேச்சோ முழுவதும் ஐசனோவரைப் பற்றி.

ஜூலையில் சிகாகோ மாநாடு. முதல் சுற்று எண்ணி முடிந்தபோது ஐசனோவருக்கு 595. வெற்றிக்கு 604. ஒன்பது வாக்குகள் குறைவு. அரங்கில் நின்ற மின்னசோட்டா அணியில் 28 பேர். அதில் 9 பேர் ஏற்கெனவே ஐசனோவருக்குப் போட்டுவிட்டார்கள். மீதி 19 பேர் ஸ்டாசனோடு. முடிவு அறிவிக்கும் முன் மின்னசோட்டா பேச அனுமதி கேட்டது. ஸ்டாசன் ஆளுநர் பதவியை விட்டபோது அந்த இடத்துக்கு வந்த எட்வர்டு தை, இப்போது செனட்டர். அவர் எழுந்து மின்னசோட்டாவின் வாக்குகள் அத்தனையும் ஐசனோவருக்கு என்று அறிவித்தார். 595 அந்த நிமிடமே 614 ஆனது. ஐசனோவரை வேட்பாளராக்கிய வாக்குகள் ஸ்டாசனின் வாக்குகள். அந்த அணியில் ஸ்டாசனுக்காக உழைத்த வாரன் பர்கர் பிற்காலத்தில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனார்.

அதிபரான ஐசனோவர் அவரை மறக்கவில்லை. வெளிநாட்டு உதவித் திட்டங்களின் பொறுப்பைக் கொடுத்தார். 1953-ல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, சீனாவோடு வணிகம் செய்ய வேண்டாம் என்று கிரேக்கக் கப்பல் முதலாளிகளோடு தானே ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தபோது, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, நீங்கள் நாட்டின் வெளியுறவு வேலைக்குக் குழிபறிக்கிறீர்கள் என்ற பொருளில் ஸ்டாசன் சொன்னார். மெக்கார்த்தியைக் கண்டு அமைச்சர்களே அஞ்சிய ஆண்டு அது. 1948 விஸ்கான்சினில் தனக்காக வேலை செய்தவர் மெக்கார்த்தி என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அதிபரே அந்தச் சொல்லை மென்மையாக்கிப் பிரச்சினையை ஆற வைத்தார்.

1955-ல் ஆயுதக் குறைப்புக்கான சிறப்பு உதவியாளர் ஆனார். ‘அமைதி அமைச்சர்’ என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. ஆனால் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. 1957-ல் லண்டன் பேச்சுவார்த்தையில், நேச நாடுகளிடம் காட்டி ஒப்புதல் பெறும் முன்பே, அமெரிக்க யோசனைகளைச் சோவியத் பிரதிநிதி சோரினிடம் எழுத்தில் கொடுத்துவிட்டார் ஸ்டாசன். பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் கொதித்தன. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாட்டை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. நோக்கம் நல்லது, வழி தவறு. டல்லஸ் அவருடைய கையைக் கட்டிப்போட்டார். இதற்கு முந்தைய ஆண்டு, நிக்சனைத் துணை அதிபர் வேட்பாளராக மறுபடி நிறுத்தாதீர்கள், மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹெர்ட்டரை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கட்சியின் பகையையும் தேடிக்கொண்டிருந்தார். ஹெர்ட்டரே நிக்சன் பெயரை முன்மொழிந்தார். ஸ்டாசன் மேடையேறி வழிமொழிய வேண்டியதாயிற்று. 1958 பிப்ரவரியில் அரசுப் பணியிலிருந்து விலகினார். ஐந்தாண்டு கழித்து 1963-ல் வல்லரசுகள் கையெழுத்திட்ட அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம், அவர் எந்தத் திசையில் இழுத்தாரோ அந்தத் திசையில் வந்தது.

இதற்குப் பிறகு வருகிற தேர்தல்களை வேகமாகவே சொல்லிவிடலாம். 1958-ல் பென்சில்வேனியா ஆளுநர் பதவிக்கான பிரைமரியில் ஆர்தர் மெக்கானிகல் என்ற தொழிலதிபரிடம் தோற்றார். 1959-ல் பிலடெல்பியா மேயர் தேர்தலில் ரிச்சர்ட்சன் டில்வொர்த்திடம் படுதோல்வி. 1964-ல் அதிபர் போட்டி. இண்டியானா பிரைமரியில் கோல்டுவாட்டரை எதிர்த்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு கிடைத்தது, மற்றபடி ஒன்றுமில்லை. 1966-ல் மறுபடி பென்சில்வேனியா ஆளுநர் பிரைமரி, மறுபடி தோல்வி. 1968-ல் வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லி நின்றார். மயாமி பீச் மாநாட்டில் கிடைத்தவை இரண்டு வாக்குகள். 1978-ல், எழுபது வயதைக் கடந்தபின், மின்னசோட்டாவில் செனட் பதவிக்கான பிரைமரி. 1982-ல், ஒரு காலத்தில் தாம் வகித்த அதே ஆளுநர் பதவிக்கான பிரைமரி. 1986-ல், 79 வயதில், செயின்ட் பால் நகரத் தொகுதியில் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராகக் கீழவைக்கு நின்று புரூஸ் வென்ட்டோவிடம் தோற்றார். 1994-ல், 87 வயதில், மீண்டும் செனட் பிரைமரி. இடையே 1980, 1984, 1988, 1992 அதிபர் போட்டிகள்.

நம் ஊரைப் போல டெபாசிட் பறிபோகும் என்ற பேச்சு அங்கே இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. எங்கோ ஒரு கட்டணம், எங்கோ வாக்காளர் கையெழுத்துகள். கட்டுப்படியாகும் மாநிலத்தில் பெயரைக் கொடுத்துவிடலாம். ஆனால் பெயரைக் கொடுத்தவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதற்கு விதி எதுவும் காவல் நிற்பதில்லை. தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களுக்கு ஸ்டாசன் கையில் கிடைத்த பொருளானார். அவருடைய டோப்பாவைப் பற்றிப் பேசினார்கள். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. விடாமல் நிற்கும் வேட்பாளர் யாராக இருந்தாலும் அவரை ஸ்டாசன் என்று அழைக்கும் பழக்கமும் வந்தது. சாசனத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவரை அப்படிச் சுருக்கிவிட்டது அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அழகல்ல என்றே சொல்வேன். 1963-ல் அமெரிக்க பாப்டிஸ்ட் மாநாட்டின் தலைவராக இருந்த அவர், மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டவர். 1980-களில் ஐ.நா. சாசனத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று முழு வரைவு எழுதி அச்சிட்டார். வேட்பாளர் என்ற பெயர் இருந்தால் ஒரு நிருபராவது வருவார், அந்த வரைவைப் பற்றி ஒரு வரியாவது வெளியாகும் என்பதே பிற்காலத்தில் அவர் நின்றதற்கு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அவர் மீது குறை இல்லாமல் இல்லை. தாம் சொல்லிவந்ததை எடுத்துச் சொல்ல வேறு ஆட்களை அவர் உருவாக்கியிருக்கலாம். 1939-ல் அவரைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம் இருந்தது. 1952-ல் அந்தக் கூட்டம் ஐசனோவரோடு போன பிறகு, இன்னொன்றைத் திரட்ட அவர் முயலவில்லை. தாமே நிற்பது போதும் என்று நம்பிவிட்டார். ஆயுதக் குறைப்பிலும் ஐ.நா. சீர்திருத்தத்திலும் அவர் சொன்னது அவரோடு நின்றுபோனதற்கு வாக்காளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஹெரால்டு ஸ்டாசன் 2001 மார்ச் 4 அன்று மின்னசோட்டாவில், புளூமிங்டன் நகரில், தம் 93-வது வயதில் காலமானார். செயின்ட் பாலில் மாநில வருவாய்த் துறையின் தலைமை அலுவலகத்துக்கு அவர் உயிரோடிருந்தபோதே அவர் பெயர் சூட்டப்பட்டது. தகுதி பார்த்து ஆள் எடுக்க அவர் 1939-ல் கொண்டுவந்த முறையின் வழியில்தான் அந்தக் கட்டடத்தின் ஊழியர்கள் இன்றும் வேலைக்கு வருகிறார்கள். ஒன்பது தோல்விகளை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்த பகுதியில் நார்மன் தாமஸ்: 1928 முதல் 1948 வரை நடந்த ஆறு அதிபர் தேர்தல்களிலும் சோஷலிஸ்டு கட்சியின் வேட்பாளராக நின்ற பாதிரியார்.